குந்தா மலைக் காற்றும் எம்.ஜி.ஏ. காரின் அமுக்க விகிதமும்

நீலகிரி மாவட்டத்தின் குந்தா வட்டத்தில், மஞ்சூரை அடுத்துத் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்த பிக்கட்டியில் ஒரு பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளிழுக்கும் காற்று, அதே எஞ்சின் சென்னைக் கடற்கரைச் சாலையில் உள்ளிழுக்கும் காற்றைவிடக் கொள்ளளவில் குறைவதில்லை, எடையில்தான் குறைகிறது. கணக்கின் வசதிக்காக உயரத்தை 2,000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கடல் மட்டத்தில் 1,013 மில்லிபாராக உள்ள காற்றழுத்தம் அங்கே ஏறத்தாழ 795 மில்லிபாராக இறங்கிவிடுகிறது. கன மீட்டருக்கு 1.225 கிலோவாக இருக்கும் காற்றின் அடர்த்தி, மலைக் குளிர் சற்றே ஈடுசெய்த பிறகும், 1.007 கிலோ அளவில்தான் நிற்கிறது. அதாவது சிலிண்டர் நிரம்பியதாகத் தோன்றினாலும் அதற்குள் போக வேண்டிய ஆக்சிஜனில் 18 சதவீதம் வந்து சேர்வதில்லை. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று தேவைப்படுவதால், காற்றில் ஏற்படும் பற்றாக்குறை அப்படியே ஆற்றலின் பற்றாக்குறையாகிறது. மலையேறும் வண்டிக்கு "இழுவை இல்லை" என்று ஓட்டுநர்கள் சொல்லும் குறைபாட்டில் ஏற்றத்தின் பங்கு ஒன்று, காற்றின் பங்கு மற்றொன்று.

புதிய கார்களில் டர்போ சார்ஜர் இந்தக் குறையைப் பெருமளவு மறைத்துவிடுகிறது. கார்புரேட்டரும் இரும்பு சிலிண்டர் ஹெட்டும் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்கும் மேல் தயாராகிப் பெரும்பாலும் வெளிநாடுகளுக்கே விற்கப்பட்ட எம்.ஜி.ஏ. கார் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு; தமிழ் வாசகர்களுக்கு அது அந்நியமான காரும் அன்று. அதன் முதல் வடிவத்தில் பொருத்தப்பட்ட 1,489 சி.சி. எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் உத்தர்பாராவில் தயாரித்த அம்பாசடர் காரில் பல்லாண்டுகள் ஓடியதும் அதே வரிசையின் அதே 1,489 சி.சி. எஞ்சின்தான். ஒன்று இரட்டை கார்புரேட்டருடன் பந்தயச் சாலைக்குப் போனது, மற்றொன்று ஒற்றை கார்புரேட்டருடன் கலெக்டர் அலுவலக வாசலுக்கும் டாக்சி நிலையத்துக்கும் போனது. ஆகவே அம்பாசடரின் ஹெட்டைப் பலமுறை கழற்றி மாட்டிய கோயம்புத்தூர் மெக்கானிக் ஒருவருக்கு எம்.ஜி.ஏ.வின் பானட்டுக்குக் கீழே புதிராகத் தோன்றக்கூடியது மிகக் குறைவு.

கடல் மட்டத்தில் 72 குதிரைத்திறன் தரும் இந்த எம்.ஜி.ஏ. எஞ்சின், மேற்சொன்ன கணக்கின்படி பிக்கட்டியில் ஏறக்குறைய 59 குதிரைத்திறனையே தரும். உள்ளுராய்வு காற்றோடு சேர்ந்து குறைவதில்லை என்பதால் உண்மையில் இதைவிடவும் சற்றுக் குறைவாகவே தரும். இழந்ததை மீட்க என்ன வழி என்ற கேள்வி எழும்போது, பழைய கார் ஆர்வலர்களிடமிருந்தும் பட்டறைகளிலிருந்தும் முதலில் வரும் விடை, எஞ்சினின் அமுக்கத்தைக் கூட்டுவது என்பதாகும். அந்த விடையில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை எண்களைக் கொண்டே பார்க்க வேண்டியிருக்கிறது.

பிஸ்டன் கீழ் எல்லையில் நிற்கும்போது அதற்கு மேலே உள்ள மொத்த இடத்தையும், மேல் எல்லைக்கு வந்து நிற்கும்போது மிஞ்சியிருக்கும் சிறு இடத்தையும் ஒப்பிட்டுச் சொல்வதே அமுக்க விகிதம். எம்.ஜி.ஏ.வின் சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் பயணம் செய்யும் தூரம் 88.9 மில்லிமீட்டர், இவற்றிலிருந்து ஒரு சிலிண்டரில் பிஸ்டன் துடைத்துச் செல்லும் கொள்ளளவு 372 சி.சி. என்று கிடைக்கிறது. தொழிற்சாலை இந்த எஞ்சினுக்கு வைத்த விகிதம் 8.3:1 ஆதலால், மேல் எல்லையில் மிஞ்சும் இடம் 51 சி.சி. இருக்க வேண்டும். இந்த 51 சி.சி.யைக் குறைப்பது ஒன்றே அமுக்க விகிதத்தைக் கூட்டுவதன் சாரம்: அதை 46.5 சி.சி. ஆக்கினால் விகிதம் 9:1 ஆகிறது, 41.4 சி.சி. ஆக்கினால் 10:1 ஆகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எஞ்சினில் எந்த மாற்றமும் தெரியாது.

இதனால் ஆற்றல் கூடுவதற்கான காரணத்தைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றனர். இறுக்கி அமுக்கியதால் கலவை வேகமாக வெடித்து பிஸ்டனைத் தள்ளுகிறது என்பது பாதி உண்மையே. எரிந்த வாயு விரிவடைவதற்குக் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதே முக்கியமான காரணம். 8.3 மடங்கு அமுக்கப்பட்ட வாயு, எரிந்த பிறகு 8.3 மடங்குதான் விரிய முடியும். 10 மடங்கு அமுக்கப்பட்டது 10 மடங்கு விரிகிறது, விரிய விரியக் குளிர்கிறது, சைலன்சர் வழியே வீணாக வெளியேறும் வெப்பத்தில் ஒரு பகுதி பிஸ்டன் மீது வேலையாக மாறிவிடுகிறது. ஜெர்மானியரான நிகொலாஸ் ஓட்டோவின் பெயரால் வழங்கும் இலட்சிய எஞ்சின் சுழற்சிக்கு இந்தத் திறனைக் கணக்கிட்டால், 7.2:1 விகிதத்தில் 54.6 சதவீதம், 8.3:1 விகிதத்தில் 57.1, 9:1 விகிதத்தில் 58.5, 10:1 விகிதத்தில் 60.2 என்று வருகிறது. உண்மையான எஞ்சின் எதுவும் இந்த உயரத்தை எட்டுவதில்லை, இதில் பாதியைத் தொட்டாலே பெரிது. ஆனாலும் ஒரு விகிதத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது ஏற்படும் உயர்வின் அளவை இந்த எண்கள் ஓரளவு சரியாகவே காட்டுகின்றன. படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் ஆதாயம் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதையும் அவை காட்டுகின்றன.

இனி மலைக்குத் திரும்பலாம். 8.3-ஐப் 10 ஆக்கினால் திறன் 57.1-இலிருந்து 60.2-க்கு, அதாவது ஏறத்தாழ 5 சதவீதம், கூடுகிறது. பிக்கட்டியில் 59 ஆக இருந்த குதிரைத்திறன் 62 ஆகிறது. மலை எடுத்துக்கொண்ட 13 குதிரைத்திறனில் மீண்டது மூன்று. அமுக்கத்தைக் கூட்டிவிட்டால் கார் சமவெளியில் ஓடுவதுபோல மலையிலும் ஓடும் என்று எதிர்பார்த்துப் பட்டறைக்குப் போகிறவருக்கு இந்த மூன்று ஏமாற்றமாகவே இருக்கும். பின் அச்சின் பல்சக்கர விகிதத்தை மாற்றினால் ஏற்றத்தில் இதைவிடத் தெளிவான வேறுபாடு தெரியும். ஆனால் பெட்ரோல் செலவும் இதே விகிதத்தில் மிச்சமாகிறது என்பதையும், பாதி ஆக்ஸிலேட்டரில் ஓடும்போதுகூட எஞ்சின் சுறுசுறுப்பாகப் பேசுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், செய்யத் தகாத வேலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. எவ்வளவு கூட்டலாம் என்பதே கேள்வி, அதற்கான விடை எஞ்சினுக்குள் மட்டும் இல்லை.

எல்லையை வகுப்பது பெட்ரோல். ஸ்பார்க் பிளக்கில் பொறி எழுந்ததும் தீ, விநாடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில், அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நோக்கி ஒழுங்காகப் பரவ வேண்டும். பரவும் தீ தனக்குப் பின்னால் உள்ள வாயுவை விரியச் செய்து, முன்னால் இன்னும் எரியாமல் மூலையில் கிடக்கும் கலவையை மேலும் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட கலவை சூடேறுகிறது. அந்தச் சூடும் அழுத்தமும் ஓர் அளவைத் தாண்டினால், தீ வந்து சேர்வதற்கு முன்பே அந்த மூலை முழுவதும் தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கு இடையே விநாடிக்குப் பல ஆயிரம் முறை மோதித் திரும்ப, டப்பாவில் போட்ட சில்லறையைக் குலுக்குவது போன்ற ஓசை எழுகிறது. பட்டறைகளில் இதற்கு நாக்கிங் என்று பெயர். ஓசையைவிடத் தீங்கானது அது செய்யும் மற்றொரு வேலை: சிலிண்டர் சுவரையும் பிஸ்டனின் உச்சியையும் ஒட்டிப் போர்வையாகக் கிடந்து காக்கும் மெல்லிய குளிர்ந்த வாயு அடுக்கை அந்த அலை கிழித்தெறிந்துவிடுவதால், 660 டிகிரி செல்சியஸில் உருகும் அலுமினியத்தின் மீது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள வாயு நேரடியாகப் படுகிறது. நாக்கிங் நீடித்த எஞ்சினின் பிஸ்டன் விளிம்பு எலி கொறித்த தடம்போல் அரிக்கப்பட்டிருப்பதும், ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய திட்டு உடைந்திருப்பதும் இதனால்தான்.

ஆங்கிலேயப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய சோதனை எஞ்சின் ஒன்றை முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் அமைத்து, வெவ்வேறு பெட்ரோல்கள் வெவ்வேறு விகிதங்களில் நாக்கிங்கைத் தொடங்குகின்றன என்பதை அளந்து காட்டினார். எஞ்சினின் ஆற்றலுக்கு வரம்பு கட்டுவது இரும்பு அல்ல, எரிபொருளே என்பது அதிலிருந்து உறுதியாயிற்று. அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடன் பணியாற்றியோரும் ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் நாக்கிங் அடங்குவதை 1921இல் கண்டனர். எளிதில் நாக்கிங் செய்யும் ஹெப்டேனுக்குச் சுழியமும், எளிதில் செய்யாத ஐசோ ஆக்டேனுக்கு நூறும் கொடுத்து அமைக்கப்பட்ட ஆக்டேன் அளவுகோல் அதைத் தொடர்ந்து வந்தது. ஆக்டேன் எண் பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றலைக் குறிப்பதன்று, அது தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் பொறுமையை மட்டுமே குறிக்கிறது. அமுக்கம் குறைந்த எஞ்சினில் ஆக்டேன் கூடிய விலையுயர்ந்த பெட்ரோலை ஊற்றுவதால் இழுவை கூடிவிடாது.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்தியா போன்ற சந்தைகளில் கிடைத்த பெட்ரோலின் ஆக்டேன் குறைவு என்பதைப் பிரிட்டிஷ் நிறுவனங்கள் நன்கறிந்திருந்தன. ஜாகுவார் எக்ஸ்.கே. 120 காருக்கு 8:1 விகிதம் வழக்கமானது என்றாலும், மட்டமான பெட்ரோல் உள்ள நாடுகளுக்கென்று 7:1 பிஸ்டன்களும் இருந்தன, எம்.ஜி.ஏ.வுக்குப் பின் வந்த எம்.ஜி.பி. 8.8:1, 8:1 என்ற இரு வடிவங்களில் கிடைத்தது, எம்.ஜி.ஏ.வோடு எஞ்சினைப் பகிர்ந்துகொண்ட அம்பாசடருக்கு 7.2:1 போதும் என்று வைக்கப்பட்டது. ஆகவே இந்த மண்ணில் பல ஆண்டுகள் ஓடிய ஒரு பழைய காரில் அமுக்கத்தைக் கூட்டுவது என்பது பெரும்பாலும், பிறந்த நாட்டில் அந்த எஞ்சினுக்கு இயல்பாக இருந்த விகிதத்துக்குத் திரும்புவதே. உச்சியில் குழிவுள்ள பிஸ்டனைக் கழற்றிவிட்டுத் தட்டையான பிஸ்டனைப் போட்டாலே 7.2-இலிருந்து 8.3-க்குப் போகலாம், மேலே கண்ட கணக்கின்படி அந்த ஒரு மாற்றமே நான்கரை சதவீத ஆதாயத்தைத் தந்துவிடுகிறது.

மலை இந்த எல்லையைத் தளர்த்துகிறது என்பதுதான் பிக்கட்டிக்காரருக்குக் கிடைக்கும் சலுகை. சிலிண்டருக்குள் நுழையும் காற்றே மெலிந்திருந்தால், அமுக்கி முடித்தபின் அதன் அழுத்தமும் மெலிந்தே இருக்கும். அமுக்கும்போது வெப்பம் சிறிது சுவர்களில் கசிவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், கடல் மட்டத்தில் 8.3:1 எஞ்சின், பொறி எழுவதற்கு முன்பு எட்டும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 15.7 மடங்கு, 2,000 மீட்டர் உயரத்தில் அதே 15.7-ஐ எட்ட விகிதம் 10:1 ஆக இருக்க வேண்டும். வெப்பநிலையும் ஒத்துப்போகிறது: 35 டிகிரி வெயிலில் 8.3:1 எஞ்சினுக்குள் கலவை 308 டிகிரி வரை சூடேறும் என்றால், 15 டிகிரி மலைக் குளிரில் 10:1 எஞ்சினுக்குள் அது 301 டிகிரியைத்தான் தொடும். கடல் மட்டத்துச் சாதாரண எம்.ஜி.ஏ. தாங்கும் அதே பெட்ரோலைக் கொண்டு மலையில் 10:1 எம்.ஜி.ஏ.வை நாக்கிங் இன்றி ஓட்டலாம் என்பது இதன் பொருள். அமெரிக்காவின் ராக்கி மலை மாநிலங்களில் மற்ற இடங்களைவிட ஆக்டேன் குறைந்த பெட்ரோலை நெடுங்காலமாக விற்றுவருவதற்கும் இதுவே அடிப்படை.

சலுகை மலையின் மீது இருக்கும் வரைதான். பிக்கட்டியிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் சாலை கடைசியில் கீழேதான் இறங்குகிறது: ஒன்று குன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு, இல்லையேல் மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாக நாற்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரமடைக்கு. குந்தா நீர்மின் திட்டத்தின் நீர் குழாய்களில் விழுந்து மின்சாரம் தரும் அதே பள்ளம்தான் இந்த இரண்டாவது சாலை இறங்கும் பள்ளமும். இறங்கும்போது எந்த ஆபத்தும் இல்லை, ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டிருப்பதால் சிலிண்டர் அரைகுறையாகவே நிரம்புகிறது, அமுக்க விகிதம் எதுவானாலும் நாக்கிங்குக்கு இடமில்லை. சோதனை தொடங்குவது திரும்பி ஏறும்போது. ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில், வெயிலில் காய்ந்த 35 டிகிரிக் காற்றில், முதல் சில வளைவுகளிலேயே வண்டி கனத்த கியரில், குறைந்த சுழற்சியில், ஆக்ஸிலேட்டர் முழுவதும் மிதிபட்டபடி ஏறுகிறது. குறைந்த சுழற்சியில் மூலைக் கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ள நேரமும் அதிகம் கிடைக்கிறது. மலைக்கென்று 10:1 ஆக்கிய எஞ்சினில் அங்கே அமுக்க அழுத்தம் 19 மடங்கையும் வெப்பம் 341 டிகிரியையும் எட்டும். நாக்கிங்கை வரவேற்க இதைவிடப் பொருத்தமான சூழலைச் சோதனைக்கூடத்தில்கூட அமைப்பது கடினம். மலையடிவாரமே மலைக் காரின் பலவீனமான இடம்.

பந்தயக் கார்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ஐம்பதுகளிலிருந்து நடந்த பந்தயங்களானாலும், 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடப்பவையானாலும், கார் நாள் முழுவதும் ஒரே உயரத்தில், ஒரே காற்றில், கையில் கொண்டுவந்த பெட்ரோலோடு ஓடுகிறது. எஞ்சினைத் தயார்செய்பவர் நாக்கிங்கின் விளிம்பு வரை துணிந்து போகலாம். காலையில் தேயிலைத் தோட்டத்திலும் மதியம் காரமடையிலும் இருக்க வேண்டிய கார் தன் பாதையிலேயே தாழ்ந்த இடத்துக்கேற்ற விகிதத்தைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இன்றைய பெட்ரோல் இங்கே ஓர் எதிர்பாராத உதவியைச் செய்கிறது. 2025இல் நாடு முழுவதும் எட்டப்பட்ட 20 சதவீத எத்தனால் கலப்பு, பழைய ரப்பர் குழாய்களுக்கும் கார்க் வாஷர்களுக்கும் நல்லதன்று, அவற்றை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் சாதாரணப் பெட்ரோலின் 91 ஆக்டேனை அது 95 அளவுக்கு உயர்த்திவிட்டது, அதிலுள்ள எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப்போல் இரு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே வரும் கலவையைக் குளிரவும் வைக்கிறது. எம்.ஜி.ஏ. வரிசையின் கடைசி மாதிரிக்குத் தொழிற்சாலையே 8.9:1 விகிதத்தை வைத்தது என்பதையும் இந்த 95 ஆக்டேனையும் சேர்த்துப் பார்த்தால், மலைக்கும் அடிவாரத்துக்கும் பொதுவாக 9:1 வரை போவது நியாயமான துணிச்சல். அதற்கு மேல் போவது, எப்போதும் மலையிலேயே இருக்கப்போகும் காருக்கு மட்டுமே பொருந்தும்.

எத்தனாலின் மற்றொரு குணம் இதைவிடச் சுவையானது. எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அது எரிய எடையில் 9 பங்கு காற்றே போதும். 20 சதவீதக் கலப்புப் பெட்ரோலுக்கு 14.7-க்குப் பதில் 13.5 பங்கு. காற்றுக்கேற்ற எரிபொருளை ஊசித் துவாரத்தின் அளவை மட்டும் நம்பிக் கொடுக்கும் பழைய எஸ்.யு. கார்புரேட்டருக்கு இது தெரியாது, ஆகவே கலவை 8 சதவீதம் அளவுக்கு எரிபொருள் குறைந்ததாகிவிடுகிறது. மறுபுறம், காற்று மெலிய மெலிய கார்புரேட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொடுக்கும். 2,000 மீட்டரில் அந்த மிகை ஏறத்தாழ 10 சதவீதம். கடல் மட்டத்துக்கும் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கும் அமைக்கப்பட்ட கார்புரேட்டர், பிக்கட்டியில் இன்றைய பெட்ரோலோடு எதையும் திருகாமலே ஏறக்குறையச் சரியாக ஓடுவதன் இரகசியம் இந்த இரு பிழைகளும் ஒன்றையொன்று தின்றுவிடுவதில் இருக்கிறது. கீழே இறங்கியதும் உயரத்தின் பிழை மறைந்து எத்தனாலின் பிழை மட்டும் நிற்கும். எரிபொருள் குறைந்த கலவை எஞ்சினைச் சூடாக்கி நாக்கிங்கை நெருங்கச் செய்யும். அமுக்கத்தைக் கூட்டிய பின்பு கார்புரேட்டர் ஊசியை அடிவாரத்துக்கேற்ப ஒரு படி தாராளமானதாக மாற்றிவிட்டு, மலையில் சிறிது கறுப்புப் புகையைப் பொறுத்துக்கொள்வதே பாதுகாப்பான ஏற்பாடு.

வேலையைச் செய்யும் முறையில் அவசரம் கூடாது. ஹெட்டைக் கழற்றியதும் நேராக லேத் பட்டறைக்கு அனுப்பி "கொஞ்சம் ஃபேஸிங் போடுங்க" என்று சொல்லிவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. முன்பு எத்தனை முறை அந்த ஹெட் தேய்க்கப்பட்டது, இப்போது உள்ளே எத்தனை சி.சி. மிஞ்சியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதற்குத் தேவையானவை பள்ளி வேதியியல் கூடத்தில் கிடைக்கும் ப்யூரெட் ஒன்றும் சிறு துளையிட்ட கண்ணாடித் தகடு ஒன்றும்தான். வால்வுகளும் பிளக்கும் மாட்டியபடி ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறையின் விளிம்பில் கிரீஸ் தடவித் தகட்டை ஒட்டி, ஹெட்டைச் சற்றே சாய்த்து, நிறம் சேர்த்த மண்ணெண்ணெயைத் துளை வழியே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தகட்டுக்கு அடியில் ஓடும் கடைசிக் காற்றுக் குமிழி துளைக்கு வந்து மறையும் கணத்தில் ப்யூரெட்டில் தெரியும் அளவே அந்த அறையின் கொள்ளளவு. நான்கு அறைகளும் ஒன்றுபோல் இருப்பது அரிது, ஒரு சி.சி. வேறுபாடுகூட விகிதத்தை ஏறத்தாழ 0.15 அளவுக்கு மாற்றிவிடும். இதனோடு கேஸ்கட்டின் தடிமன் தரும் இடத்தையும் (இறுகியபின் ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் 4 சி.சி.க்குச் சற்று மேல்), பிஸ்டன் உச்சிக் குழிவையும், பிஸ்டன் பிளாக்கின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுவதால் மிஞ்சும் இடத்தையும் கூட்டிய பிறகே உண்மையான விகிதம் தெரியவரும்.

எரியறை வாயின் பரப்பு 36 சதுர சென்டிமீட்டர் என்று அளந்து கண்டால், 8.3-இலிருந்து 9-க்குப் போக அகற்ற வேண்டிய 4.5 சி.சி.க்கு ஹெட்டில் 1.25 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். 10-க்குப் போக 2.7 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டியிருக்கும், தண்ணீர் ஓடும் அறைக்கு மேலுள்ள இரும்பு அந்த அளவுக்கு மெலிந்தால் விரிசல் விடும் என்பதால் அது பிஸ்டனை மாற்றிச் செய்ய வேண்டிய வேலை. ஹெட் தாழ்ந்த அளவுக்கு வால்வும் பிஸ்டனை நெருங்கிவிடுகிறது. பிஸ்டன் உச்சியில் களிமண் வில்லை ஒன்றை வைத்து, ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பார்த்தால் வால்வு பதிந்த தடத்தில் மிஞ்சிய களிமண்ணின் தடிமன் எவ்வளவு இடம் உண்டு என்பதைக் காட்டிவிடும். தள்ளுதண்டுகள் இப்போது நீண்டுவிட்டது போலாவதால் ராக்கர் தண்டின் கால்களுக்கு அடியில் தகடு வைத்து உயர்த்துவதும் இதோடு சேர்ந்த வேலை.

வேலை முடிந்து அமுக்கமானியை மாட்டிப் பார்க்கும்போது மலைக்கே உரிய ஒரு குழப்பம் காத்திருக்கிறது. கடல் மட்டத்தில் 150 பவுண்டு காட்டும் ஆரோக்கியமான எஞ்சின், 2,000 மீட்டரில் அதே மானியில் 118 பவுண்டுதான் காட்டும். கையேட்டில் அச்சிட்ட எண்ணோடு இதை ஒப்பிட்டு "ரிங் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லி, நன்றாக இருந்த எஞ்சினைப் பிரித்துப் போட்ட பணம் நீலகிரியில் கொஞ்சமாக இருக்காது. நான்கு சிலிண்டர்களுக்கும் எண் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதே அங்கே பார்க்க வேண்டியது.

பொறி எழும் நேரமும் திருத்தப்பட வேண்டும். அமுக்கம் கூடிய கலவை விரைவாக எரிவதால் பொறி சற்றுத் தாமதமாக எழுந்தால் போதும். மெலிந்த காற்றில் கலவை மெதுவாக எரிவதால் பொறி சற்று முந்தி எழ வேண்டும். மலையில் இவ்விரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன, கீழே அவற்றில் ஒன்றுதான் இருக்கும். எம்.ஜி.ஏ.வின் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பக்கவாட்டில் உள்ள சிறு திருகுமுடி, அக்காலத்துப் பெட்ரோலின் தரம் ஊருக்கு ஊர் மாறுபட்டதற்காக வைக்கப்பட்டது. காரமடையில் பெட்ரோல் போட நிறுத்தும்போது அதைப் பொறி தாமதிக்கும் பக்கமாகச் சில சொடுக்குகள் திருப்பி, மஞ்சூர் வந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது, கணினி செய்யும் வேலையைக் கையால் செய்வதே. கூடுதல் அமுக்கம் தரும் கூடுதல் வெப்பத்தைத் தாங்க வேண்டிய ரேடியேட்டரின் நிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: 2,000 மீட்டரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ரேடியேட்டருக்கும் அதே கதிதான்.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. அந்த ஈயம் நாக்கிங்கை அடக்கியதோடு, வெளியேற்றும் வால்வு அமரும் இரும்பு விளிம்பில் மெல்லிய பூச்சாகப் படிந்து அதைத் தேய்மானத்திலிருந்தும் காத்துவந்தது; பூச்சு இல்லாமல், கூடிய வெப்பத்தில், முழு ஆக்ஸிலேட்டரில் மலையேறும் எஞ்சினில் வால்வுகள் இரும்புக்குள் மெல்ல அமிழத் தொடங்கும், அமிழ்ந்த வால்வு சரியாக மூடாது, மூடாத வால்வு கூட்டிய அமுக்கத்தைக் கசியவிட்டுவிடும். எப்படியும் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதால், ஃபேஸிங்குக்கு அனுப்பும் கையோடு வெளியேற்று வால்வுகளுக்குக் கடின உலோக சீட் வளையங்களையும் போட்டுவிடுவது, அந்த ஹெட்டை இரண்டாம் முறை கழற்றும் வேலையைப் பல்லாண்டுகளுக்குத் தள்ளிப்போடும்.